வாசலில் படுத்திருந்த மாமனார்

என் அக்காவின் மாமனாரை நான் உயிரோடு பார்த்ததே கிடையாது. ஆனால் அவர் காலமான மறு வருஷம், அவரை எங்கள் வீட்டு வாசலில் மல்லாக்கப் படுக்க வைத்தவள் நான்தான். மயிலம் முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை. கம்ப்யூட்டர் மேல் வந்த ஆசையில் நடந்து போனது.

எண்பதுகளின் கடைசி. எங்களுக்குத் திண்டிவனம். எனக்குப் பதிமூன்று வயது. எட்டாவதில் கணக்கில் முதல் தடவை தவறியிருந்தேன் (இரண்டாவது தடவை அப்புறம்). விழுப்புரத்தில் நடந்த பொருட்காட்சிக்கு அப்பா அழைத்துப் போனார். அங்கே ஒரு கொட்டகைக்குள் கம்ப்யூட்டர் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் என் கை தானாகக் கும்பிட்டுவிடும். கும்பிட்டேன். அது கர்ர் கர்ர் என்று இழுத்து இழுத்து ஓர் ஆளின் முகத்தைக் காகிதத்தில் அடித்துக் கொடுத்தது. கிட்டே பார்த்தால் வெறும் நட்சத்திரப் புள்ளிகள். தள்ளி நின்று பார்த்தால், புள்ளிகளுக்குள்ளிருந்து ஒருத்தர் நம்மையே பார்க்கிறார்!

பாதியில் கிழிந்துபோன ஒரு தாளை எனக்குக் கொடுத்தார்கள். யாரென்றே தெரியாத அந்த அரை முகத்தைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

"யாருடி இந்த ஆளு? வெளக்கேத்தறப்போ எல்லாம் என்னையே பார்த்துக்கினு இருக்கான்!" என்று அம்மா அலறினாள்.

அன்றிலிருந்து கட்டம் போட்ட கணக்கு நோட்டில் புள்ளி வைத்து மயில், வேல், எங்கள் எருமை என்று போட்டுத் தள்ளினேன்.

அந்தச் சமயத்தில்தான் அமுதா அக்காவுக்குக் கெடாரிலிருந்து ஒரு வரன் வந்தது. அதற்கு முன் மூன்று வீட்டார் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். இந்த மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே யாரு முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்டி," என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அக்காவுக்கு ஏதாவது நல்லது செய்ய நினைத்தேன். (நான் நல்லது செய்ய நினைத்தால் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள்.) போட்டோவைப் பார்த்து அந்த முகத்தை நோட்டுக் கட்டங்களுக்கு மாற்றினேன். கறுப்பு இருக்கும் இடத்தில் புள்ளி. வெளுப்பு இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை. பெண் பார்க்க வருகிற அன்று மத்தியானம் வாசலில் சாணம் தெளித்து, அரிசி மாவால் அதே புள்ளிகளைப் பெரிதாக வைத்தேன். இடுப்பு ஒடிந்தது. தள்ளி நின்று பார்க்க இடமில்லை. எதிரே மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டை ஏற்றிய லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மொட்டை மாடியில் ஏறிப் பார்க்கலாமென்று எனக்குத் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்தது. லாரி போனது. அவர்கள் வந்தார்கள்.

முன்னால் வந்த மாப்பிள்ளையும் தரகரும் கிட்டே வந்து குனிந்து, "கோலம் இன்னா இம்மாம் பெருசு!" என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா, தாலி இழந்தவர் என்பதால் ஒதுங்கிக் கடைசியில் வந்துகொண்டிருந்தார். எங்கள் தெரு மேட்டிலிருந்து சரிவாக இறங்கும். அவர் மேட்டிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "இங்க வந்தா படுத்துக்கினு இருக்கீங்க?"

நான் மேட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். நான் போட்டது வாலிப முகம். அங்கே கிடந்தது கிழவர். வெள்ளைத் தலை, வெள்ளை மீசை, இருண்ட கன்னம், விழி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று இரண்டு வட்டம். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. காகிதம் வெள்ளை, புள்ளி கறுப்பு. என் வாசலோ கறுப்பு, மாவு வெள்ளை!

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அப்பா அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்தார். வெளிச்சம் விழுந்ததும் அந்த வெள்ளை விழி மெல்ல ஊர்ந்தது. சத்தியமாக ஊர்ந்தது. (எறும்பு. அரிசி மாவைக் கண்டால் விடுமா? ஆனால் அது எங்களுக்கு மறுநாள் காலையில்தான் தெரியும்.)

"ஐயோ, முழிக்கிறாருடா!" என்று தரகர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். மாப்பிள்ளை என் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அப்பா தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். "இதோ அழிச்சிட்றேம்மா."

"வேணாங்க! அவருக்கு ஒரு தடவ தண்ணி ஊத்தி அனுப்பினது போதும்," என்றார் அந்த அம்மா.

மிதிக்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. எல்லோரும் எருமைக் கொட்டகை வழியாகப் பின்பக்கமாக உள்ளே போனோம். பட்டுப்புடவையில் வாசலையே பார்த்து நின்றிருந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை சாணிக் காலோடு வந்து நின்றார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வாசலில் கிடந்தவர் எவ்வளவோ மேல்.

"யாரு போட்டது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

அழுதுகொண்டே நோட்டையும் போட்டோவையும் நீட்டினேன். "இவரு மூஞ்சிதாங்க போட்டேன். கறுப்பெல்லாம் வெள்ளையாயிடுச்சு."

அவர் விளக்கை இழுத்து வைத்து, போட்டோவையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். வெகுநேரம். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. வயசானா எம் புள்ள இப்படித்தான் இருப்பான். வேற எந்தப் பொண்ணுக்கும் இத முன்னாடியே காட்ட மாட்டாங்க. மாடியில ஏறி நல்லா பாத்துட்டு வந்து சொல்லு. இந்தக் கிழவன் உனக்கு வேணுமா?"

வாசலில் விளக்கை வைத்தோம். அக்கா மொட்டை மாடிக்குப் போனாள். கீழே நான் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வந்தாள்.

"என்னப் பாத்து சிரிக்கிறாருங்க," என்றாள். "வேணும்."

(எறும்பு அதற்குள் மீசைக்குப் போயிருந்தது.)

தை பிறந்ததும் கல்யாணம். எனக்குப் புள்ளி ஆசை மட்டும் போகவில்லை. ஒயர் கூடை, தலையணை உறை, கோயில் திருவிழாக் கோலம் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு நானே டிசைன் செய்கிறேன். இப்போதெல்லாம் மகளின் கம்ப்யூட்டரில். கறுப்பை வெள்ளையாக்க அதில் ஒரே ஓர் அழுத்துதான். முதல் தடவை அழுத்தியபோது, எழுந்துபோய்ச் சாமி மாடத்தில் விழுந்து கும்பிட்டேன். ஆள் முகம் மட்டும் நான் போடுவதில்லை.

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் மாவுக் கிண்ணத்தோடு வாசலில் குனிந்திருந்தேன். நிமிர்ந்தால், தெரு முனையில் அவர். வெள்ளைத் தலை, வெள்ளை மீசை, இருட்டில் கறுத்த கன்னம். ஒரு புள்ளி பிசகாமல் அதே முகம். கிண்ணம் கையிலிருந்து நழுவியது.

அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வந்தாள். அன்றைக்குச் சாணிக் காலோடு வந்து நின்ற மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, பின்பக்கமா வரட்டா?"