எலியேசரின் மனைவியாகப் பாக்கியசீலன்

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் நடந்ததா, பதின்மூன்றா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் என்றார்கள். வெள்ளம் வராத வருஷம் எது என்று யாரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு விதமாகக் கேட்டதை நான் ஒரு விதமாக நினைவில் வைத்திருக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

சிக்கல் ஒரு புட்டியில் தொடங்கியது.

பாளையங்கோட்டையை அடுத்த ஒரு சபையில், தோத்திரப் பண்டிகைக்கு வாலிபர் சங்கத்தார் நாடகம் போடுவதாக இருந்தது. காலமாகிப்போன பிடில் வித்வான் எலியேசரின் சரித்திரம். அவர் கட்டிய கீர்த்தனைகளைத் திருநெல்வேலிச் சீமை முழுக்கப் பாடினார்கள். அவர் குடித்ததும் சீமை முழுக்கத் தெரியும். நாடகத்தை எழுதிய பள்ளிக்கூட வாத்தியார் கிருபைராஜ், முதல் காட்சியிலேயே எலியேசரைச் சாராயப் புட்டியோடு தள்ளாடி வரவிட்டிருந்தார். தேவாலய வளவுக்குள் புட்டி வரக்கூடாது என்றார் சபை மூப்பர் ஜேசுதாசன். வெறும் தண்ணீர்தான் ஊற்றப்போகிறோம் என்று வாத்தியார் கெஞ்சிப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தினாலும் புட்டி புட்டிதான் வே," என்றார் மூப்பர்.

இதைச் சொல்ல கிருபைராஜ் எலியேசரின் விதவை கெசியாவின் வீட்டுக்கு வந்தார். அவள் தனியாக இருந்தாள். முறுக்கு சுட்டு விற்றுப் பிழைப்பு. வாங்க வருகிறவர்கள் முறுக்கைத் தவிர வேறெதுவும் அவளிடம் கேட்பதில்லை. போன மாதம் கிருபைராஜ் வந்து, "அவர் எப்படிப்பட்ட ஆளு அக்கா?" என்று கேட்டபோது எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குடியை, ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த இன்னொருத்தியை, மகள் காய்ச்சலில் கிடந்து செத்தபோது அவர் அந்த ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் இருந்ததை. அடக்கம் முடிந்து வந்தவர், முற்றத்தில் உட்கார்ந்து கட்டியதுதான் எல்லாரும் கண்ணீர்விட்டுப் பாடும் அந்தக் கீர்த்தனை.

மேடையில் அவர் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவள் ஆசை. தான் யாரோடு வாழ்ந்தோம் என்பதை ஊரில் நாலு பேராவது ஒருநாள் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

"புட்டி இல்லாட்டா என்ன?" என்றாள். "சும்மா தள்ளாடிட்டு வரட்டும். சனங்களுக்குத் தெரியும்."

இரண்டு நாள் கழித்து வாத்தியார் திரும்பி வந்தார். தள்ளாட்டத்துக்குக் காரணம் வேண்டுமே என்று மூப்பர் கேட்டாராம். உபவாசம் என்று முடிவாகியிருந்தது.

"உபவாசமா? ஒரு சட்டி அயிரைமீன் குழம்பையும் ஒத்தை ஆளாத் தின்னுட்டு எனக்குச் சட்டிய வழிக்க விடுற மனுசன்," என்றாள் கெசியா.

கிருபைராஜ் முகம் மலர்ந்து அதை எழுதிக்கொண்டார். அடுத்த தடவை வந்தபோது நாடகத்தில் எலியேசர் பட்டினி கிடந்தார். சோற்றுக்குக் கணக்குப் பார்க்கும் மனைவி மீன்குழம்பை அடுக்களையில் ஒளித்து வைத்திருந்தாள்.

ஸ்ரீவைகுண்டத்தையாவது விட்டுவிடாதே என்றாள் கெசியா. வாத்தியார் விடவில்லை, எலியேசர் அங்கே சுவிசேஷம் சொல்லப் போனதாக வைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் வீடு திரும்பாமல் அப்படி என்ன சுவிசேஷம் என்று அவள் கேட்டாள். அது நியாயமான கேள்வி என்று வாத்தியாருக்கும் பட்டது. மனைவியின் வாய்க்குப் பயந்து திரும்பவில்லை என்று எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அவருடைய பாவம் ஒன்று குறைந்து தன்னுடையது ஒன்று கூடியது. வாத்தியாருக்குக் காப்பியை மட்டும் ஆற்றிக் கொடுத்தாள். அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார். வீடு பழையபடி ஆயிற்று.

பண்டிகையன்று மத்தியானம் நாடகம். கெசியா பெண்கள் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்தாள். அவள் வேஷத்தைக் கட்டியவர் தபால் குமாஸ்தா பாக்கியசீலன். மீசையை எடுக்க மாட்டேன் என்று சாதித்ததால், முந்தானையால் வாயை மூடிக்கொண்டே சண்டை போட்டார். ஆண்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

மகள் செத்த காட்சி வந்தது. ஊழியத்திலிருந்து எலியேசர் வெள்ளை அங்கியோடு திரும்பினார். விசுவாசமில்லாத மனைவி எப்படி நடந்துகொள்வாள் என்று காட்டுவதற்காக வாத்தியார் அங்கே ஒரு வசனம் வைத்திருந்தார். பாக்கியசீலன் உணர்ச்சி மேலிட்டு முந்தானையை விட்டுவிட்டார்.

"எங்கன போயிருந்தீய? பிள்ளை அப்பா அப்பான்னு கேட்டுக்கிட்டே கிடந்தா. நான் என்னன்னு பதில் சொல்ல?"

எலியேசர் வானத்தைப் பார்த்துப் பாடத் தொடங்கினார்.  பெண்கள் பக்கத்தில் மீசையைப் பார்த்துக்கூட யாரும் சிரிக்கவில்லை.

 அந்தக் கேள்வியைக் கெசியா ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள், சோறு போட்டாள், அவ்வளவுதான். கேட்காமலே இத்தனை வருஷம் இருந்ததற்கு இதுவா கூலி என்று நினைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறி, வாய்க்கால் கரையோடு தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் போதகர் ஐயரின் மனைவி ஞானசௌந்தரி தேடி வந்தாள். ஊரில் எல்லாருக்கும் ஐயரம்மா. ஜெபக்கூட்டம் தவிர வேறெங்கும் குரல் உயர்த்தாதவள். புத்தி சொல்ல வந்திருக்கிறாள் என்று கெசியா நினைத்தாள். நாடகத்தை அடுத்த வாரம் மறுபடியும் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன், ஐயரிடம் சொல்லி எப்படியாவது நிறுத்துங்கள் என்று ஐயரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐயரம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மறுபடி போடச் சொன்னதே நான்தான் கெசியா. பொம்பளையாளுவ எல்லாரும் வந்து கேட்டாவ. பாட்டுக்கில்ல, அந்தக் கேள்விக்கு. எங்க ஐயரும் மாசத்துல பாதி நாள் ஊழியத்துக்குத்தான் போறாவ. நீ கேட்ட மாதிரி கேக்க எனக்கு இன்னும் வாய் வரல."

நாடகத்தை அந்த வருஷம் ஐந்து சபைகளில் போட்டார்கள். கிருபைராஜ் கொழும்புக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பாக்கியசீலன் மீசையோடு உத்தியோக உயர்வு பெற்றார். ஜேசுதாசன் கடைசிவரை மூப்பராகவே இருந்தார். ஐயரையும் ஐயரம்மாவையும் களக்காட்டுப் பக்கம் மாற்றினார்கள். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. கெசியா, அப்படி ஒருநாளும் தான் கேட்டதில்லை என்பதை யாரிடமும் சொல்லாமலே முறுக்கு சுட்டு வாழ்ந்து, செத்துப்போனாள்.