விசிட்டரா, கெஸ்ட்டா?

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான், மகள், மாப்பிள்ளை மூவரும் நலம். அங்கு நீயும் உன் வீட்டாரும் நலம் என்று நானே எண்ணிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போ.

ஏன் என்று கேட்பாய். தபால் ஆபீசில் காலமெல்லாம் கடிதங்களை அந்தந்தப் பெட்டியில் பிரித்துப் போட்டவன் நான். என்னை எந்தப் பெட்டியில் போடுவது என்று இந்த அடுக்குமாடி வாசலில் யாருக்கும் தெரியவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து கால் பிசகிய என்னை மகள் கட்டாயப்படுத்தி இங்கே அழைத்து வந்தாள் அல்லவா, அன்று அவள் வண்டியை நிறுத்தப் போன சமயம் வாட்ச்மேன், "சார், நீங்க விசிட்டரா, கெஸ்ட்டா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். "விசிட்டர்னா வந்துட்டுப் போறவங்க. கெஸ்ட்னா தங்கிட்டுப் போறவங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தங்க வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசிட்டர் என்று சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் இன்டர்காம் அடித்தது. மாப்பிள்ளை எடுத்தார். "உங்க விசிட்டர் இன்னும் வெளிய வரலையே சார்" என்ற குரல் எனக்கே கேட்டது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுநாள் கெஸ்ட் ஆனேன். கெஸ்ட் என்றால் கழுத்தில் மஞ்சள் அட்டை, குடியிருப்பவர் யாராவது கூட வந்தால்தான் தோட்டத்தில் நடக்கலாம். டாக்டரோ தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஆகவே மாப்பிள்ளை ஆபீஸ் சட்டையும் டையுமாக என் பின்னாலேயே நடக்கிறார். பார்க்கிறவர்கள் நான் எதையோ திருடி மாட்டிக்கொண்டதாக நினைத்திருப்பார்கள். அந்தக் கெஸ்ட்டுக்கும் ஒரு மாதம்தான் கெடு என்று தெரிந்ததும், குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மாவிடம் போனேன்.

"டிபெண்டென்ட்னு போட்டுடலாமே சார்."

"பென்ஷன் வாங்கறேன்மா. நான் யாரையும் நம்பி இல்ல."

"அப்ப ஆக்குபன்ட்?"

அதைக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கும் கழிவறைதான் ஞாபகம் வருகிறது. வேண்டாம் என்றேன். "ரெசிடென்ட்னா வீட்டுக்காரரே எழுதிக் குடுக்கணும்" என்று அந்த அம்மா பேச்சை முடித்துவிட்டார். வீட்டுக்காரர் மாப்பிள்ளை. அதை அவரிடம் நான் எந்த முகத்தோடு கேட்பது?

உன்னிடம் மறைப்பானேன், கால் எப்போதோ சரியாகிவிட்டது. கால் சரியாகும்வரை என்று சொல்லித்தான் வந்தேன். அதனால் மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நொண்டுகிறேன். நேற்று மறந்துபோய் மற்றக் காலை நொண்டிவிட்டேன். என் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தனியாகத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார எனக்கு இனி மனசில்லை, தம்பி. இங்கே பிடித்திருக்கிறது. ஆனால் இருங்கள் என்று அவர் வாயால் சொல்லாமல் நானாக எப்படி ஒட்டிக்கொள்வது? போங்கள் என்று சொல்வதற்குள் போய்விடுவதுதான் மரியாதை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வண்டியில் முன்சீட்டைக் காலியாக வைத்திரு. நொண்டுகிறவன் தாவி ஏறினால் நன்றாக இருக்காது.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். காலையில் இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். வாசலில் வாட்ச்மேன் மஞ்சள் அட்டையைக் கழற்றச் சொன்னார். கெடு முடிந்தது என்று நினைத்துக் கழற்றிக் கொடுத்தேன். பச்சை அட்டை ஒன்றை நீட்டினார். என் போட்டோ, அதன் கீழே ரெசிடென்ட். மாப்பிள்ளை போன வாரமே எழுதிக் கொடுத்தாராம். சாயங்காலம் அவரிடம், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றேன். "எந்த வார்த்தைன்னு எனக்கும் தெரியல மாமா. கேட்டைத் திறந்துவிடற வார்த்தையா பார்த்துப் போட்டேன்" என்றார். பிறகு ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இனிமே நீங்க நொண்ட வேண்டாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஜன்னல்வரை நடந்தேன், நேராகவே.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா. என்னை அழைத்துப் போக அல்ல, என் வீட்டிலிருந்து சாய்வு நாற்காலியைக் கொண்டுவர. வாசலில் கேட்டால் விசிட்டர் என்றே சொல். கெஸ்ட் என்று சொன்னாயானால், நீ தோட்டத்தில் நடக்கும்போதெல்லாம் உன் பின்னால் நான் நடந்தாக வேண்டும்.