மிச்சம் எங்க, மச்சான்?

கடலூர் மாவட்டத்தில் உடைந்துபோன எதையும் அவனைப் போல மரியாதையோடு பார்த்த மனிதன் வேறொருவன் இருந்திருக்க மாட்டான். வடை உடைந்து வந்தால் தொடமாட்டான். மற்ற துண்டு எங்கே என்று சப்ளையரை விசாரிப்பான். ஆபீசில் ஒருத்தர் விவாகரத்து வாங்கியபோது நாங்கள் எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொன்னோம். இவன் மட்டும், அந்தம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று அவரிடமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் மிச்சம்.

தினமும் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் கடலூருக்கு வருவான். தண்ணீர், எண்ணெய் என்று வருவதையெல்லாம் சோதிக்கும் சின்ன லேப் எங்களுடையது. அவன் பொறுப்பிலிருந்த மெஷின், ஆவியான மூலக்கூறை எலக்ட்ரானால் அடிக்கும். அடி வாங்கியது மின்னூட்டம் பெற்று உடையும். துண்டுகளின் எடைக்கு ஏற்றபடி திரையில் கோடுகள் எழும். அவற்றைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஒரு பெயர் சொல்லும். நாங்கள் அப்படியே நம்பிவிடுவோம். மிச்சம், பெயர் வரும் இடத்தில் கிழித்த காலண்டர் தாளை ஒட்டி மறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான்.

"மின்னூட்டம் இருக்குற துண்டுதான் மச்சான் மெஷினுக்குத் தெரியும். இல்லாதது பம்பு வழியா வெளிய போயிடுது. அதுவும் இருந்துச்சுல்ல?" என்பான், துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஒருநாள் முதுநகர் செல்வியக்காவின் தண்ணீர் சோதனைக்கு வந்தது. கணவர் இறந்த பிறகு, கேன் தண்ணீர் பிளான்ட்டைத் தனி ஆளாக நடத்துகிறவர். ரிப்போர்ட் கெட்டுப்போனால் பிளான்ட்டுக்கு சீல். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டில் அச்சடித்துத் தந்ததோ, பெயின்ட்டில் கலக்கும் ஒரு கரைப்பானின் பெயர். எடை நூற்றெட்டு. மேனேஜர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். செல்வியக்கா ரிசப்ஷனில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிச்சம் மூக்கு இடிக்கும்படி திரையருகே குனிந்தான். நூற்றைம்பதில் தூசி மாதிரி ஒரு கோடு இருந்தது.

"நூத்தெட்டு முழு ஆளு இல்ல சார், ஒடஞ்ச துண்டு. முழு ஆளு நூத்தம்பது. நாப்பத்திரெண்டு எங்க?"

மேனேஜர் பேனாவை மூடவில்லை. இவனும் நகரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"பிரிஞ்சு போன துண்டு, போறப்ப தன்கிட்ட இருந்த ஒரு ஹைட்ரஜனை இதுக்குக் குடுத்துட்டுப் போயிருக்கு மச்சான். அதான் இது வேற ஆளு மாதிரி தெரியுது."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இரண்டு துண்டையும் சேர்த்தால் கிடைத்தது, மல்லிகைப்பூவின் வாசத்தில் இருக்கிற பொருள். நேரே ரிசப்ஷனுக்குப் போய், பாட்டிலுக்குப் பூ வைத்தீர்களா என்று கேட்டான். செல்வியக்கா குறி சொல்கிறவரைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தார்.

"நல்லபடியா வரணும்னு சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுக் கும்புட்டேன் தம்பி. ரெண்டு பூவ உள்ள போட்டு எடுத்தேன். தப்பா?"

பூ போடாத பாட்டில் மறுநாள் வந்தது. அதில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பிளான்ட் இன்றும் ஓடுகிறது.

போன மாசியில் மிச்சம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். என் வயதுதான் அவனுக்கும். செல்வியக்கா சிதம்பரம் வரை வந்து, மல்லிகைச் சரத்தை அவன் காலடியில் வைத்து அழுதார். அந்த வாசத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இப்போது அந்த மெஷினில் நான்தான் உட்காருகிறேன். காலண்டர் தாள் ஒட்டுகிறேன். வடை உடைந்து வந்தால், என்னையறியாமல் மற்ற துண்டைக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் முன்பு மாதிரி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மைதான். போகிறபோது தன்னிடமிருந்து கொஞ்சத்தை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.