சாம்பியன் கரடிக்கு எடுத்த விழா

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. அதனால் ராஜா என்று கும்பிட யாரும் இல்லை. யாரையும் கும்பிடாமல் எத்தனை நாள்தான் இருப்பது என்று மிருகங்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஆகவே ஒரு குத்துச்சண்டைப் போட்டி வைத்து, ஹெவிவெயிட் பிரிவில் ஜெயிப்பவரைக் கும்பிடுவது என்று முடிவு செய்தார்கள். யானையைச் சேர்க்கவில்லை. ஒருமுறை சேர்த்தார்கள். அது மேடை ஏறியதும் மேடை போய்விட்டது.

நாச்சப்பன் என்ற கரடி அந்தப் பட்டத்தைப் பல மழைக்காலமாக வைத்திருந்தார். அதற்கு முன்னால் அவர் கறையான் புற்றைத் தோண்டித் தின்கிற சாதாரணக் கரடி. எதிரே வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்கள். பட்டம் வந்த மறுநாள் அதே ஆட்கள் அவர் உடம்பு நாற்றத்தை வீரத்தின் மணம் என்றார்கள். பட்டம் போனால் மறுபடியும் மூக்கைப் பொத்துவார்கள் என்பது நாச்சப்பனுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

ஆரம்பத்தில் அவர் விடியும் முன் எழுந்து மலையில் ஓடுவார். ஆலம் விழுதுகளைச் சேர்த்துக் கட்டிக் குத்திப் பழகுவார். பிறகு அதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை. முயல் வீட்டுக் காதுகுத்துக்கு அவர்தான் தலைமை. முயலுக்குக் காது பெரிது என்பதால் விழாவும் லேசில் முடியாது. உடும்பு வீட்டுப் புதுமனை புகுவிழாவில் குத்துவிளக்கு ஏற்றினார். குரங்குகளின் செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்டினார். எங்கே போனாலும் கைதட்டுவார்கள். உடனே இரண்டு கைகளையும் குவித்து, நான்கு பக்கமும் திரும்பிக் கும்பிடுவார். நாளடைவில் காய்ந்த இலை சலசலத்தாலே அவர் கை தானாகக் குவிய ஆரம்பித்தது.

அவர் மனைவி பாவாத்தாளுக்கு இது சரியாகப் படவில்லை.

"ஏனுங்க, சண்டை நெருங்கீட்டு வருது. கொஞ்சம் ஓடிட்டு வாங்க."

"யாரு கூடச் சண்டை?"

"சடையங்கூடங்க."

சடையன் ஒரு காட்டுப்பன்றி. கிழங்கு தோண்டுவான் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நாச்சப்பன் சிரித்தார். "அவனுக்காகவா ஓடச் சொல்ற? கேட்டா அவனுக்கே கூச்சமா இருக்கும்."

அந்தக் காட்டில் சண்டை முடிந்ததும் சாம்பியனுக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டிப் பேசுவது வழக்கம். ஆனால் சண்டை முடிந்ததும் கூட்டம் எழுந்து போய்விடும். பேச்சாளர்கள் காலி இடத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. விழாக் குழுத் தலைவரான நரி குணாளன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஜெயிக்கப் போறது எப்படியும் நம்ம சாம்பியன்தான். பாராட்டை முன்னாடியே முடிச்சுட்டா என்ன?"

யாரும் மறுக்கவில்லை. முக்கியமாக நாச்சப்பன் மறுக்கவில்லை.

சண்டை நாளன்று காலையிலேயே மைக் செட் கட்டிவிட்டார்கள். நாச்சப்பன் படம் போட்ட பிளெக்ஸ் பேனர் பனைமர உயரத்துக்கு நின்றது. மேடைக்கு வர வேண்டிய காற்றை அது மறைத்துக்கொண்டது. அதன் நிழல் முழுவதும் சடையன் உட்கார்ந்திருந்த மூலையில் விழுந்தது. சடையன் அதில் படுத்துத் தூங்கிவிட்டான்.

மேடையில் நாச்சப்பன் வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு இனமும் வந்து ஒரு பொன்னாடை போர்த்தியது. ஒன்றைக் கழற்றி வைத்தாலும் அந்த இனம் கோபித்துக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே இருந்தார். கரடிக்குப் பிறவியிலேயே ஒரு கம்பளி உண்டு என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. முள்ளம்பன்றி போர்த்திய பொன்னாடையில் இரண்டு முட்கள் தங்கிவிட்டன. பிடுங்கினால் முள்ளம்பன்றி மனம் நோகுமே என்று சிரித்த முகமாகவே இருந்தார். மயில் எழுந்து, நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொன்னது. வெயில் உச்சிக்கு வந்த பிறகும் அது சுருக்கமாகவே பேசிக்கொண்டிருந்தது.

பாவாத்தாள் மேடையின் பின்பக்கம் வந்து நின்றாள். "ஏனுங்க, ஒரு வாய் தண்ணியாச்சும் குடிங்க."

"மயில் பேசறப்ப குடிச்சா மரியாதையா இருக்காது."

"அங்க பாருங்க, அந்தச் சடையன் நல்லாத் தூங்கறான்."

"தூங்கட்டும் பாவம். அவனைப் பாராட்டத்தான் யாரும் இல்லையே" என்றார் நாச்சப்பன். உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

மணி அடித்தது. பொன்னாடைகளை உரித்தெடுக்க இரண்டு குரங்குகள் தேவைப்பட்டன. நாச்சப்பனுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. இருந்தாலும் பழைய கை பழைய கைதான். முதல் குத்திலேயே சடையன் தள்ளாடிப் போனான். காடே கைதட்டியது.

நாச்சப்பனின் இரண்டு கைகளும் குவிந்தன. கிழக்கே திரும்பிக் கும்பிட்டார். தெற்கே திரும்பிக் கும்பிட்டார். மேற்கே திரும்பியபோது அங்கே சடையன் நின்றான்.

அது பெரிய குத்து என்று யாரும் சொல்ல முடியாது. முகத்துக்கு முன்னால் கை இல்லை, அவ்வளவுதான். நடுவர் கடமான் எண்ணி முடித்தபோதும் நாச்சப்பன் கைகூப்பியபடியே மல்லாந்து கிடந்தார்.

இனிமேல் சடையனை அவர் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டத்துக்கு உள்ள மரியாதை. நாச்சப்பனை அவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காட்டுக்கு உடனே வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே, அவர் தலைமையில் காது குத்திக்கொண்ட முயல் மூக்கைப் பொத்தியது. நாச்சப்பன் குகைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். கரடி அழுவதைப் பார்க்கச் சகிக்காது. பாவாத்தாள் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

நல்ல பிள்ளைகளுக்குச் சொல்கிற கதையாக இருந்தால், இந்த இடத்தில் கரடி திருந்தி, தினமும் மலையேறி ஓடி, உழைப்பால் உயர்ந்திருக்கும். நாச்சப்பனும் ஓடிப் பார்த்தார். பாதி மலையில் மூச்சு இரைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து, தன்னை வீழ்த்தியது யார் என்று யோசித்தார். வெகுநேரம் யோசித்தும் சடையர் முகம் வரவில்லை. மயில் முகம்தான் வந்தது. இறங்கி நேராகச் சடையர் வீட்டுக்கு நடந்தார்.

சடையர் விவரமானவர். "அண்ணே, எனக்கு இந்த மாலை மரியாதை எல்லாம் வேண்டாமுங்க. பொன்னாடை கொண்டாந்தவங்களைத் திருப்பி அனுப்பிச்சுட்டேன். நானுண்டு என் கிழங்குண்டுன்னு இருந்துக்கறேன்."

நாச்சப்பன் இரண்டு கைகளையும் குவித்தார். "இந்த எளிமையைத்தானுங்க காட்டுக்கு எடுத்துச் சொல்லணும். பொன்னாடையை வேண்டாமுன்ன முதல் சாம்பியன் நீங்கதான்."

சடையர் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார். "மொத ஆளுங்களா?"

அடுத்த சண்டை சடையருக்கும் நாச்சப்பனுக்கும். அன்று 'பொன்னாடை மறுத்த பெருந்தகைக்குப் பாராட்டு விழா' நடந்தது. மறுத்ததைப் பாராட்டி எல்லா இனமும் வந்து பொன்னாடை போர்த்தின. நாச்சப்பன் தலைமையுரையை நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டு, சடையர் படம் போட்ட பேனரின் நிழலில் போய்ப் படுத்தார். மிச்சத்தை மயில் பார்த்துக்கொண்டது. சண்டையைப் பற்றி விவரிக்க ஒன்றுமில்லை. சடையர் வடக்கே திரும்பிக் கும்பிடும்போது முடிந்துவிட்டது.

கடமான் நாச்சப்பன் கையைத் தூக்கிப் பிடித்த கையோடு நரி குணாளன் மேடை ஏறினார். கையில் புதுப் பொன்னாடை. "வீழ்ந்து எழுந்த வீரருக்குச் சின்னதா ஒரு விழா" என்றார்.

பாவாத்தாள் கீழேயிருந்து கெஞ்சினாள். "ஏனுங்க, வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க."

அந்தத் துணி என்ன செய்யும் என்று அந்தக் காட்டிலேயே நாச்சப்பனுக்குத்தான் நன்றாகத் தெரியும். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தார். பிறகு நரிக்கு எட்டும்படி கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்.

நீதி: நெடுநாள் சாம்பியனை வீழ்த்த உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள். நாலு பேர் சேர்ந்து கைதட்டுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.