கர்டர் பாஸும் நாற்பத்திரண்டு மூட்டையும்

டிக்கோயாவிலிருந்து வட்டவளை வரைக்கும் உள்ள தேயிலைத் தோட்டங்களில், மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தே பேசிய ஒரே ஆசாமி எங்கள் கர்டர் பாஸ்தான். மர வேலை, இரும்பு வேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்போம். இவருக்குக் கட்டடத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் மேல் பைத்தியம். அதனால் கர்டர் பாஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் இருந்திருக்கும். நான் ஸ்டோர் கிளாக்கராக இருந்த பதினோரு வருஷத்தில் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

ஸ்டோர் என்றால் எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை. மூன்று மாடி. வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய இரும்பு கர்டர்களின் மேல்தான் மாடிகள் நின்றன. அந்தக் காலத்தில் ஒவ்வோர் இரும்பு ஆலையும் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவில் கர்டர் செய்தது. பின்னால்தான் எல்லோரும் ஒரே அளவுக்கு வந்தார்கள். ஆகவே புதுப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய கர்டருக்குப் பலம் சொல்லக் கூடாது என்பது பாஸின் வேதம்.

"உசரமும் அகலமும் ஒண்ணா இருந்தாப் போதாதுங்களா பாஸ்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீங்களும் நானும் ஒரே உசரம், ஒரே அகலம். நீங்க ரெண்டு உர மூட்டை தூக்குவீங்களாய்யா?"



ஞாயிற்றுக்கிழமையானால் ஓர் அளவுகோலையும் தடிப்பு அளக்கும் காலிப்பரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்தத் தோட்டத்து ஸ்டோர், எந்தப் பாலம், எந்தக் கடை என்று கணக்கில்லை. பெயிண்டைச் சுரண்டி, உள்ளே இருக்கும் ஆலை எழுத்தைப் பார்த்து, உயரம், அகலம், தடிப்பு, தாங்கும் பாரம் எல்லாவற்றையும் கெட்டி அட்டை நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வார்.

கருவாடு வாங்கிவரச் சொல்லி அவர் மனைவி மீனாட்சி ஒருமுறை கினிகத்தேனைக்கு அனுப்பினாள். நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் வாசல் கர்டரைக் கண்டதும் பாஸ் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார்.

"பாஸ், போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சது! இறங்குங்க!" என்று நானா கத்தினார்.

சாயங்காலம் வெறுங்கையோடு வந்தவரிடம் மீனாட்சி, "கருவாடு எங்க?" என்றாள்.

"ஏழு அங்குலம். நம்ம பக்கம் கெடைக்காத சாமான்!" என்றார் பாஸ் பூரிப்போடு.

அன்றைக்குத் தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்க அவளுடைய குரல்தான்.

றொசல்ல ஸ்டேஷனில் நடந்தது இன்னும் மோசம். ரயிலுக்கு நின்றவர், மேடைக் கூரையின் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அளந்திருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து, என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் அதட்டினார்: "மொகத கரன்னே?" "கனகம பலனவா மஹத்தயா" என்றாராம் இவர். தடிப்புப் பார்க்கிறேன் ஐயா! விசாரித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. பாஸ் தண்டவாளத்தின் உயரத்தையும் குறித்துக்கொண்டு, நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில், தோட்டத்து மேனேஜரான எங்கள் துரைக்குப் புது ஆசை வந்தது. கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி வாட்டுவதை விட்டுவிட்டு, பெரிய தொட்டிகளில் கனமாகக் கொட்டி, விசிறியால் காற்று ஊதி வாட்டுவது. தொட்டிகள் முதல் மாடிக்கு வர வேண்டும். பலம் பார்க்கக் கொழும்பிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணாந்து பார்த்தார், புத்தகத்தைப் பிரித்தார், "எட்டுக்கு நாலு அங்குலம். பிரச்சினை இல்லை, தாங்கும்" என்றார்.

"தாங்காதுங்கய்யா" என்றது ஒரு குரல். பாஸ், ஏணியின் மேலிருந்து.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"பெயிண்டச் சுரண்டிட்டேன். இது பழைய ஆலை. நடுத்தகடு மெலிசு. ஒங்க புஸ்தகம் அறுவது மூட்டைங்குது. எம் புஸ்தகம் நாப்பத்திரெண்டு."

துரை சிரித்தார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. "அப்ப ஏத்திப் பாப்பம்" என்றார்.

அடுத்த ஞாயிறு, ஸ்டோரில் வேலை இல்லாத நாள். கீழே ஒருவரும் நிற்கக் கூடாது என்று பாஸ் கயிறு கட்டினார். மாடியில் அந்தக் கர்டருக்கு நேர் மேலே உர மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். எண்ணுவது என் வேலை. இருபது வரை சத்தமில்லை. முப்பத்தொன்றாவது மூட்டையை வைத்ததும், கீழேயிருந்து கன்று ஈனும் எருமை மாதிரி ஒரு முனகல். பெயிண்ட் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்ஜினியர் எந்த வழியாகக் கீழே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போனபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மூட்டைகளை மெதுவாக இறக்கிய பிறகு, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கை தட்டினார். "பாஸ் ஜெயிச்சிட்டாருங்க!"

ஜெயித்தவரைத் தேடினால், அவர் கொழுந்து உருட்டும் ரோலர் மெசினுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாஸ், நீங்க சொன்னது சரியாப் போச்சே!"

"எங்கய்யா சரி? நாப்பத்திரெண்டுன்னு எழுதியிருக்கேன். முப்பத்தொண்ணுலயே அழுதுருச்சே. எம் புஸ்தகம் பொய் சொல்லிருச்சு."

மறுநாள் காரணத்தை அவரே கண்டுபிடித்தார். கர்டரின் நுனி சுவருக்குள் போகும் இடத்தில், ஈரம் பட்டுப் பட்டு இரும்பு அப்பளமாகியிருந்தது. நடுவில் மட்டுமே அளந்த பாவத்துக்கு, மூன்று வாரம் அத்தனை கர்டர்களின் நுனிகளையும் சுவரைக் குடைந்து அளந்தார். அதுவரை மீனாட்சியிடம் திட்டு வாங்கக்கூட அவருக்கு நேரமில்லை.

தொட்டிகள் தரைத் தளத்துக்குப் போயின. முதல் மாடிக்குக் கீழே புதுத் தூண்கள் வந்தன. இன்ஜினியர் அந்த நோட்டின் ஆங்கிலப் பிரதி ஒன்று தனக்கு வேண்டும் என்று பணிவாகவே கேட்டார். பாஸ் வாசிக்க, நான் டைப் அடித்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: 'கீழ யாரு.' ரோலர்காரர் இன்னார், சல்லடை போடும் இன்னாள் என்று ஒவ்வொரு கர்டருக்கும் நேரே பெயர்கள்.

"இந்தக் கட்டம் தேவையில்லை" என்றார் இன்ஜினியர்.

"அப்ப விழுந்தா யாரு மேலங்கய்யா விழும்? புஸ்தகத்து மேலயா?" என்றார் பாஸ்.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பி, "அதையும் அடியும்" என்றார்.

அடித்துக்கொண்டே வந்தேன். பதினேழாவது கர்டர் நான் உட்காரும் ஆபீசுக்கு மேலே ஓடுவது. அதற்கு நேரே, 'கிளாக்கரய்யா. பாரம் ஏத்தக் கூடாது. மாசாமாசம் பார்க்கணும்' என்று இருந்தது. பக்கத்தில் மாதா மாதம் பார்த்ததற்கான பென்சில் கோடுகள். ஏழு வருஷத்துக்கு இருந்தன. அந்த ஒரு வரியை அடித்து முடிக்க எனக்கு வெகு நேரம் ஆனது.