ஓடுற வரைக்கும் ஓடட்டும்

டாக்டரிடம் இனிப் போவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு என்றால் முடிவு. மேஜையை அறைந்து சொல்லவில்லை. வீட்டில் மேஜையை அறைந்தால் ஏன் என்று கேள்வி வரும். மனசுக்குள் அறைந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். என் நெஞ்சில், காறை எலும்புக்குக் கீழே, ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. தீப்பெட்டி அளவு. இதயம் வேலையை மறந்தால் ஒரு தட்டு தட்டி எழுப்பும். அதன் பேட்டரி தீரப்போகிறதாம். மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டுமாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இன்னும் மூணு வருஷம் தாங்குமாம்" என்றேன். மாதத்தை வருஷமாக்கினேன். அவ்வளவுதான் பொய்.

காரணம் உண்டு. என்னோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்த வெல்டர் போன மழைக்காலத்தில் செத்தான். அவனுக்கும் இதே கருவி. புத்தம் புதுசு. எரிப்பதற்கு முன்னால் அறுத்து எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்தால் நெருப்பில் வெடிக்குமாம். அறுத்து வைக்கிறார்கள், அறுத்து எடுக்கிறார்கள். நடுவில் நான் எதற்கு?

பயமா என்று கேட்காதீர்கள். பயம்தான்.

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டிப்போ நண்பன் ஒருவனிடம் மட்டும் போனில் ரகசியமாகச் சொன்னேன். "மூணு மாசம்தானாம். நான் அறுத்துக்க மாட்டேன். ஓடுற வரைக்கும் ஓடட்டும்." எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் என்ன, ரகசியம் ரகசியம்தானே.

மறுநாள் பேச்சோடு பேச்சாக மூன்று வருஷக் கணக்கை மனைவியிடம் மறுபடி சொல்லிவைத்தேன். "மூணு வருஷமா? நல்லதாப் போச்சு" என்றாள், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் அப்படி ஒப்புக்கொண்டதில்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பேத்தியின் கார் நின்றுபோனது. பேத்தியை டைனமோ என்று கூப்பிடுவேன். ஆறு வயது. ஓயமாட்டாள். மகள் வேலைக்குப் போகிற நாளெல்லாம் எங்கள் தலையில். கார் என்றால் அவள் உட்கார்ந்து ஓட்டும் சிவப்பு பிளாஸ்டிக் கார். எங்கள் மாடியின் நீள நடைபாதை அதற்குப் பட்டா போட்ட இடம். ஹாரன் சத்தத்தில் செத்தவனும் எழுந்துவிடுவான். வெல்டர் மட்டும் எழவில்லை.

"தாத்தா, கார் செத்துப்போச்சு!"

"என்னங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் மனைவி. "ஆயுசு பூரா பேட்டரியோட குடும்பம் நடத்தினவர்தானே நீங்க."

டிப்போவில் பேட்டரி பிரிவுக்கு ஃபோர்மேனாக இருந்தவன் நான். சீட்டைத் தூக்கினேன். மீட்டரை வைத்தேன். முள் சோம்பல்கூட முறிக்கவில்லை. முன்விளக்கின் சுவிட்ச் போட்டபடி இருந்தது.

"விளக்கை அணைக்காம விட்டது யாரு?"

"நான் இல்ல தாத்தா."

"அப்ப பேயா வந்து போட்டுச்சு?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தீர்ந்துபோச்சு. வேற போடணும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

டைனமோ காரைக் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் தாத்தா. எடுத்தா வலிக்கும். ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

எங்கேயோ கேட்ட வாக்கியம். யோசிக்க நேரமில்லை. தொழில் விஷயம். சூடாகிவிட்டேன்.

"இதப் பாரு. நிக்கிற வரைக்கும் ஓட்டுறவன் முட்டாள். டிப்போவுல அப்படி ஒரு டிரைவர் இருந்தான். பேட்டரி மாத்துறேன்னா கேக்கல. மேம்பாலத்து நடுவுல, மழையில, இருட்டுல, பஸ்ஸோட நின்னான். அவன் கதைய விடு. அவனை நம்பி உக்காந்திருந்தவங்க கதி?"

"அதானே. நம்பி உக்காந்திருந்தவங்க கதி?" என்றாள் மனைவி, ஒரு துண்டை உதறியபடி.

"அதைத்தானே சொல்றேன்! நிக்கிறதுக்கு முன்னாடியே மாத்தணும்."

"வலிக்காதா தாத்தா?"

"என்ன பெரிய வலி? மூடியைத் திற, பழசை எடு, புதுசை வை, மூடு. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அதுக்கும் பயப்படுறவங்க இருந்தா?" இது மனைவி.

"வடிகட்டின முட்டாள்!" என்று கத்தினேன். நடைபாதை முழுக்க எதிரொலித்தது.

மனைவி கடைசித் துணியை மடித்து வைத்தாள். என் சட்டை.

"அப்ப திங்கக்கிழமை காலையில இதைப் போட்டுக்கிட்டு ரெடியா இருங்க. டாக்டர்கிட்ட நாள் வாங்கிட்டேன்."

"எந்த டாக்டர்?"

"மூணு மாசம்னு சொன்ன டாக்டர்."

"உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். நீங்க பால்கனியில ரகசியம் பேசினா கீழ் வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்திட்டுக் கேக்குறார். 'சாருக்கு மூணு மாசமாமே, அளவு எடுத்து வச்ச பேண்ட்டை தைக்கவா வேண்டாமா'ன்னு என்னையே கேட்டார்."

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது பொம்மைக் கார்!"

"ஆமா. அது நின்னா தள்ளிக்கிட்டு வந்துடலாம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க நின்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

மீட்டரைப் பார்த்தேன். முள் இன்னும் படுத்தே கிடந்தது.

டைனமோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, நீங்க வடிகட்டின முட்டாளா?"

திங்கட்கிழமை தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். "பயமா இருக்கா?" என்றாள் நர்ஸ். வாயைத் திறந்தேன்.

"அவருக்கா? டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்னு அவரேதான் சொன்னார்" என்றாள் மனைவி. சொன்னாளே தவிர, கட்டில் கம்பியைப் பிடித்த கையை ஆபரேஷன் அறைக் கதவு வரை அவள் விடவில்லை. நர்ஸ்தான் விரல்களைப் பிரித்தாள்.

நெஞ்சை மரக்கவைத்து, நான் விழித்திருக்கும்போதே அறுத்தார்கள். யாரும் டீ குடித்ததாகத் தெரியவில்லை.

வீடு திரும்பினேன். நடைபாதை முழுக்க ஹாரன். சிவப்புக் கார் என் காலை உரசிக்கொண்டு பறந்தது.

"அதுக்கும் புது பேட்டரி வாங்கிட்டியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"புதுசு எதுக்கு? ராத்திரி பூரா விளக்கை எரியவிட்டவ நான்தான். சார்ஜ்ல போட்டேன், எழுந்துடுச்சு. அதுக்கு ஒரு குறையும் இல்ல."

ஃபோர்மேன் நான். சார்ஜ் போட்டுக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

வீடு முழுக்கத் தேடினாலும், தீர்ந்துபோன பேட்டரி ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது, என் சட்டைக்குள்.