வியாழக்கிழமைக்கு இன்னொரு பெரியவர்

மொன்றியல்,
18 பிப்ரவரி 1973

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை சபாபதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் கமலினியும் இங்கே சௌக்கியம். தாங்களும் அத்தையும் அனுசூயாவும் பிறந்த குழந்தையும் அங்கே அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்த பிறகுதான் அனுசூயாவை அனுப்புவோம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்யுங்கள். இங்கே ஒரு குறையும் இல்லை. ஒரு பல் மட்டும்தான்.

பல் கமலினியுடையது. மேல் வரிசை முன்பல், பால்பல். சொத்தை விழுந்து ஈறு வீங்கி, நாலு நாளாகக் கஞ்சிதான் இறங்கியது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தாள். விரலை உள்ளே விட்டார், மூடிவிட்டாள். அவர் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, இந்தப் பெண்ணுக்குச் சிரப் கொடுத்து அரைத் தூக்கத்தில் வைத்துத்தான் பல்லை எடுக்க முடியும், கூப்பிட்டால் முனகுவாள், பயம் தெரியாது என்றார். "நன்றாக முழித்துக்கொள்வாள் அல்லவா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஆமாம் என்றார். மூன்றாவது தடவை, எனக்கும் கொஞ்சம் சிரப் கொடுக்கலாமா என்று யோசிப்பவர் போலப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று உத்தரவு. ஐந்து மணியிலிருந்து சமையலறை வாசலில் காவல் நின்றேன். ஆனால் டாக்டரிடம் கிளம்பும் முன் பிள்ளையாருக்குப் பால் வைத்துக் கும்பிட்டு, குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்பது நவம்பரில் ஊருக்குக் கிளம்பும்போதே தங்கள் பெண் இட்ட கட்டளை. அதையும் செய்தேன். "சாப்பிட்டாளா?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றேன். "ஏதாவது குடித்தாளா?" இல்லை என்றேன். பொய் இல்லை மாமா, பிரசாதத்தை நாம் என்றைக்குச் சாப்பாடு என்று சொல்லியிருக்கிறோம்? மடியிலிருந்த கமலினி இங்கிலீஷில், "சாமி பால் குடித்தேன்" என்றாள். அது எப்பேர்ப்பட்ட பால் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். நர்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அட்டையில் "பால்" என்று எழுதினாள். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். அடுத்த வியாழன் வாருங்கள் என்றாள். கோட்டை மாட்டும்போது, "கூட வரவேண்டிய இன்னொரு பெரியவர் எங்கே?" என்றாள். ஒருவர் கார் ஓட்ட, இன்னொருவர் பின்சீட்டில் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டுமாம். டாக்ஸி டிரைவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கண் திறக்கும்போது தெரிந்த முகமாக இருக்கவேண்டும் என்றாள்.

அன்று சாயங்காலம் விலாசப் புத்தகத்தைப் புரட்டினேன். ஐந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். கம்பெனி, ஹீட்டர் ரிப்பேர்காரர், லாசாலில் ரகுநாதன். அவர் போன வருஷமே டொராண்டோ போய்விட்டார். அப்புறம் தங்கள் விலாசம். அதற்குமேல் வெள்ளைத்தாள்தான். ஆபீஸில் எல்லோரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள், பதிலை ஆரம்பிப்பதற்குள் மாடிப்படி ஏறிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை குளிரில் கார் கிளம்பவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ரோமத்தொப்பி போட்ட ஒருவர், போய்விட்ட பஸ்ஸைப் பார்த்து, "நாசமாப் போவான், கை காட்டக் காட்டப் போறான்" என்றார். தமிழ். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"சார், வியாழக்கிழமை உங்களுக்கு என்ன வேலை?"

"நீங்கள் ஆர்?"

"என் குழந்தைக்குப் பல் பிடுங்கணும்."

"நான் பல் டொக்டர் இல்லை அண்ணை. துறைமுகத்தில ஸ்டோர் கிளார்க்."

"நீங்க பெரியவர்தானே, அது போதும்."

"ஓம், முப்பத்திரண்டு வயசு" என்றார், கையை விடுவித்துக்கொள்ளாமல்.

மணிவாசகம், யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் ஆகவில்லை. தெரிந்த முகமாக ஆகவேண்டுமே, அதனால் அன்றைக்கே சாயங்காலம் வந்தார், நேற்று வந்தார், இன்றைக்கும் வந்தார். என் ரசத்தைக் குடித்துவிட்டு, "இதென்ன அண்ணை, சுடுதண்ணியே?" என்று கோட்டுப் பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்தார். கமலினி, "அங்கிள், நீங்க ஏன் இப்படிப் பேசறீங்க?" என்றாள். "நான் ஒழுங்காத்தான் கதைக்கிறன் பிள்ளை, கொப்பரைத் திருத்தும்" என்றார். கொப்பர் என்றால் அவர்கள் பேச்சில் அப்பாவாம். இன்று சோபாவில் ஒத்திகை. அவள் மயங்கியதுபோல் படுக்க, அவர் தலையைத் தாங்கவேண்டும். அவளுக்கு முன்னால் அவர் தூங்கிவிட்டார். பின்னாலேயே அவளும் தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை மாமா. நவம்பருக்கு அப்புறம் இந்த வீட்டில் மூணு பேர் மூச்சு விடுகிற சத்தம் இன்றைக்குத்தான் கேட்டது.

ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. அனுசூயா நிதானமாக வரட்டும். அத்தைக்கு என் நமஸ்காரம். சின்னவனுக்கு அக்கா கொடுத்ததாக ஒரு முத்தம் கொடுக்கவும்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
சபாபதி

பி.கு.: இன்று செவ்வாய். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் ரொட்டியைக் கடிக்கும்போது பல் தானாகவே விழுந்துவிட்டது. ரத்தம் இரண்டு சொட்டு. டாக்டரிடம் காட்டினேன், சிரப்பும் வேண்டாம், இன்னொரு பெரியவரும் வேண்டாம் என்றார். மணிவாசகம் வியாழக்கிழமைக்கு லீவு வாங்கிவிட்டார். கமலினி பல்லைத் தீப்பெட்டியில் வைத்து, "அங்கிள்கிட்ட சொல்லாதேப்பா, வராம இருந்துடுவார்" என்றாள். நான் சொல்லவில்லை. அனுசூயா மெதுவாக வந்தால் போதும் என்று மேலே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். இந்தத் தாள் மெலிசு, அந்த வரிகளை அடித்தால் கிழிந்துவிடும். தாங்களே அடித்துவிட்டு அவளிடம் படித்துக் காட்டவும்.